காவிரி டெல்டாவில் பழைய டீசல் ஜீப்: வைத்திருப்பதும் பேணுவதும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பதினைந்து, இருபது வயதைக் கடந்த டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் இன்னும் பல விவசாய வீடுகளின் கொட்டகையில் நிற்கின்றன. விதைநெல்லும் உர மூட்டையும் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரை மண் தடத்தில் போவதற்கும், அடைமழையில் வயலோரக் குடியிருப்பிலிருந்து நோயாளியைத் தார்ச்சாலை வரை கொண்டுவந்து சேர்ப்பதற்கும் அவை பயன்படுகின்றன. இவ்வண்டியை வாங்குவது எளிது. கெடாமல் வைத்திருப்பதுதான் கடினம். மலைநாட்டில் ஏற்றமும் பாலைநிலத்தில் மணலும் இவ்வகை வண்டிகளைத் தேய்க்கின்றன. டெல்டாவில் அந்த வேலையைச் செய்வது ஈரம். டீசலில் சேரும் நீர், ஆக்ஸிலுக்குள் புகும் நீர், சேசிஸைத் தின்னும் உப்புக்காற்று ஆகிய மூன்றையும் தடுப்பதே இங்கே பராமரிப்பின் பெரும்பகுதி.

வண்டிகளின் தலைமுறைகள்

இப்பகுதியில் காணப்படும் பழைய வண்டிகளை மூன்று தலைமுறைகளாகப் பிரிக்கலாம். முதல் தலைமுறை, வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த மஹிந்திரா வண்டிகள். 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டத் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம் நெடுங்காலம் அவற்றைப் பெட்ரோல் வண்டிகளாகவே விற்றது. பின்னர் வந்த டீசல் எஞ்சின்களுள் ஒன்று இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் வழி வந்தது. பி-275 டிராக்டரை இயக்கியதும் அதே குடும்பத்து எஞ்சின்தான். உழவு டிராக்டர் பழுதுபார்க்கத் தெரிந்த ஊர் மெக்கானிக்குக்கு ஜீப்பும் கைவந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1980-களில் வந்த எம்.எம். 540 பியூஜோ வடிவமைப்பிலான 2.1 லிட்டர் டீசல் எஞ்சினைக் கொண்டது. கமாண்டர், மேஜர் முதலிய வண்டிகளில் 2,523 சி.சி. கொள்ளளவுள்ள நேரடி உட்செலுத்தல் எஞ்சின் பொருத்தப்பட்டது. ஊராட்சி ஒன்றியங்களும் அரசுத் துறைகளும் வைத்திருந்த இத்தகைய ஜீப்புகள், கழித்துக் கட்டி ஏலம் விடப்பட்ட பிறகு விவசாயிகள் கைக்கு வந்தன.

இரண்டாம் தலைமுறையில் டாடா சுமோ (1994), டாடா சஃபாரி (1998), மஹிந்திரா பொலீரோ (2000), ஸ்கார்ப்பியோ (2002) ஆகியவற்றின் ஃபோர் வீல் வகைகள் அடங்கும். தமிழ்நாட்டிலேயே உருவான இரண்டு வண்டிகளும் இதில் உண்டு: திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பூட்டிய பஜேரோ, மறைமலைநகரில் ஃபோர்டு தயாரித்த எண்டெவர். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபின், எண்டெவர் வைத்திருப்போர் உதிரிபாகத்தைப் பற்றி முன்கூட்டியே யோசிக்க வேண்டியவர்கள் ஆனார்கள். 2010 முதல் 2020 வரை விற்ற முதல் தார் மூன்றாம் தலைமுறை. அது பழைய 2,523 சி.சி. எஞ்சினோடும், மின்னணுக் கட்டுப்பாடுள்ள 2,498 சி.சி. காமன் ரெயில் எஞ்சினோடும் விற்கப்பட்டது.

வீட்டுப் பராமரிப்பைப் பொறுத்தவரை வண்டியின் பெயரைவிட எஞ்சினின் வகையே முக்கியம். இயந்திரப் பம்ப் உள்ள எஞ்சின் ஒருமுறை இயங்கிவிட்டால் மின்சாரத்தை அதிகம் நம்புவதில்லை. செல்ஃப் மோட்டார் கெட்டாலும் தள்ளிக் கிளப்பலாம். ஊர்ப் பட்டறையிலேயே பிரித்துப் பூட்டலாம். காமன் ரெயில் எஞ்சின் அமைதியாகவும் குறைந்த புகையோடும் ஓடும். ஆனால் சென்சாரையும் வயரிங்கையும் கணினி கொண்டு பரிசோதிக்காமல் அதன் பழுதைக் கண்டுபிடிக்க முடியாது.

மண்ணும் பருவமும்

காவிரியும் வெண்ணாறும் பாயும் பழைய டெல்டாவின் வண்டல் களிமண், நனைந்தால் டயரின் பள்ளங்களை அடைத்துக்கொண்டு பிடிப்பை இழக்கச் செய்யும். காய்ந்தால் வெடித்து ஆழமான தடமாக இறுகும். 1934-இல் மேட்டூர் அணையோடு நிறைவுற்ற கல்லணைக் கால்வாயின் பாசனப் பகுதியான ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் செம்மண்ணும் மணலும் கலந்திருப்பதால் அங்கே வழுக்கல் குறைவு. வேதாரண்யம், நாகப்பட்டினம் கடலோரத்தில் உப்பளக் காற்று எல்லாவற்றுக்கும் மேலான தொல்லை. ஒரே மாதிரி வண்டிக்கு இம்மூன்று இடங்களிலும் மூன்று விதமான கவனிப்பு தேவைப்படுகிறது.

ஃபோர் வீல் டிரைவின் எல்லையையும் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். உழுது சேறடித்த நடவு வயல், கேஜ் வீல் மாட்டிய டிராக்டருக்கு உரியது. ஜீப்புக்கு உரியது அல்ல. ஜீப்பின் இடம் வாய்க்கால் கரை, களத்துமேட்டுப் பாதை, உடைந்த கப்பிச் சாலை, புயலுக்குப் பிந்திய கிராமச் சாலை ஆகியவை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்து பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதியின் தென்னைகளைச் சாய்த்தபோது, விழுந்த மரங்களைச் சுற்றிப் போவதற்கும் மரத்தைக் கட்டி இழுப்பதற்கும் இத்தகைய வண்டிகளின் தேவை தெளிவாகத் தெரிந்தது.

டீசலும் பம்பும்

பழைய டீசல் எஞ்சினின் விலை உயர்ந்த உறுப்பு எரிபொருள் பம்ப். அதற்கு முதல் பகை நீர். பாதி காலியான டேங்கில் இரவுக் குளிர்ச்சியால் ஈரக்காற்று நீராகப் படியும். அந்த நீர் டீசலைவிடக் கனமானதால் அடியில் தங்கித் துருவை உண்டாக்கும். நீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, பாசி போன்ற பிசுக்கு ஃபில்டரை அடைக்கும். டேங்கை நிரப்பி நிறுத்துவது, ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி நீரை மாதம் ஒருமுறை வடிப்பது, ஃபில்டரைக் குறித்த காலத்தில் மாற்றுவது ஆகிய மூன்றும் வீட்டிலேயே செய்யக்கூடியவை. ஃபில்டர் மாற்றியபின் கை பம்பை அடித்து ஏர் எடுக்கத் தெரிந்திருந்தால், நடுவழியில் நின்ற வண்டியைப் பெரும்பாலும் அங்கேயே கிளப்பிவிடலாம்.

டீசலின் தரமும் மாறியிருக்கிறது. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் 50 பி.பி.எம். கந்தகம் கொண்ட பி.எஸ்.-4 டீசலும், 2020 ஏப்ரலில் 10 பி.பி.எம். கொண்ட பி.எஸ்.-6 டீசலும் வந்தன. கந்தகத்தை நீக்கும் முறை டீசலின் இயற்கையான வழவழப்பையும் குறைக்கிறது. சுத்திகரிப்பு நிலையங்கள் அதை ஈடுகட்டச் சேர்மானம் கலக்கின்றன. டீசல் தரத்தில் இதற்கென ஓர் அளவும் உண்டு. ஆகவே நல்ல பங்கில் வாங்கும் டீசலில் எதையும் கலக்கத் தேவையில்லை. பழைய ரப்பர் சீல்களும் குழாய்களும் புதிய டீசலில் சுருங்கிக் கசியக்கூடும். அவற்றை ஒருமுறை மாற்றிவிட்டால் போதும். பம்ப் கேலிபரேஷனும் நாசில் சோதனையும் டெஸ்ட் பெஞ்ச் உள்ள பட்டறையின் வேலை. பம்பின் முத்திரைத் திருகை முடுக்கி டீசலைக் கூட்டினால் சிறிது இழுவை கூடும். கூடவே கரும்புகையும் பிஸ்டன் வெப்பமும் கூடும்.

புகையே எஞ்சினின் நிலையைச் சொல்லும். தொடர்ந்து வரும் கரும்புகை அதிக டீசலையோ அடைபட்ட ஏர் ஃபில்டரையோ காட்டும். நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். சூடான பிறகும் வரும் வெண்புகை, எரியாத டீசலையோ ஹெட் கேஸ்கட் வழியாக உள்ளே வரும் நீரையோ குறிக்கும். தஞ்சாவூரின் தட்பவெப்பத்தில் குளிரால் ஸ்டார்ட்டிங் சிரமம் ஏற்படுவது அரிது. காலையில் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தால் அழுத்தக் குறைவு, ஏர் லாக், பேட்டரி, குளோ பிளக் ஆகியவற்றில் ஒன்றைத் தேட வேண்டும்.

குளிர்விப்பும் காற்றும்

டெல்டாவின் கடலோரப் போர்வெல் நீர் பல இடங்களில் உப்பு ஏறியது. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் நீர்வழிகள் காரை பிடித்து அடைபடும். வெயில் காலத்தில் ஹெட் கேஸ்கட் வெடிக்கும். காய்ச்சி வடித்த நீரில் கூலன்ட் கலந்து ஊற்றி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதற்கு ஆகும் செலவு, ஹெட் கழற்றும் செலவின் முன் மிகச் சிறியது. அறுவடைக் காலத்தில் பதரும் தூசும் ரேடியேட்டரின் முன்முகத்தை மூடிவிடும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக மெதுவாக நீரடித்துக் கழுவ வேண்டும். எண்ணெய்த் தொட்டியுள்ள பழைய ஏர் கிளீனரில் சேறு படிந்த எண்ணெயைக் கொட்டி, டீசலில் கழுவி, குறியளவு வரை புதிய எண்ணெய் நிரப்ப வேண்டும். அளவுக்கு மேல் நிரப்பினால் எஞ்சின் அந்த எண்ணெயை உறிஞ்சிக் கட்டுப்பாடின்றி ஓடக்கூடும்.

வெள்ளத்தில் பெரிய ஆபத்து ஏர் கிளீனர் வழியாக எஞ்சினுக்குள் நீர் புகுவதே. டீசல் எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் மிகச் சிறியது. நீரை அழுத்திச் சுருக்க முடியாததால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நீரில் நின்றுபோன எஞ்சினைத் திரும்பக் கிளப்பிப் பார்க்கக் கூடாது. வண்டியை இழுத்துக் கரையேற்றி, இன்ஜெக்டர்களைக் கழற்றி, நீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிய பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும்.

நான்கு சக்கரங்களின் இயக்கம்

பழைய ஜீப்புகளில் உள்ளது தேவைப்படும்போது மட்டும் போடும் ஃபோர் வீல். முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே வேகவேறுபாட்டைச் சமன்செய்யும் டிஃபரன்ஷியல் இவற்றில் இல்லை. எனவே காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டுத் திரும்பினால் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் புரொப்பல்லர் ஷாஃப்டிலும் முறுக்கம் ஏறும், லிவர் இறுகிக்கொள்ளும், நாளடைவில் கிராஸும் கிரவுன் பினியனும் உடையும். நான்கு டயர்களும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டியதற்கும் இதுவே காரணம். தேய்ந்த இரண்டு டயரோடு புதிய இரண்டு டயர் மாட்டிய வண்டியில் ஃபோர் வீல் போட்டால், நேர்ப்பாதையிலும் முறுக்கம் உண்டாகும்.

நெடுநாள் பயன்படுத்தாவிட்டாலும் இந்த அமைப்பு கெடும். முன் ஆக்ஸிலின் பேரிங்குகளுக்கும் பற்சக்கரங்களுக்கும் எண்ணெய் போய்ச் சேர வேண்டுமானால் அவை சுழல வேண்டும். மாதம் ஒருமுறை ஈரமான மண்பாதையில் சில நூறு மீட்டர் ஃபோர் வீலிலும் லோ கியரிலும் ஓட்டினால் லிவரும் ஹப்பும் துருப்பிடிக்காமல் இருக்கும்.

நீர் புகும் விதத்தை அறிந்தால் தடுப்பது எளிது. ஓடிச் சூடான ஆக்ஸில் திடீரென வாய்க்கால் நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த ஆயில் சீல் வழியாக வெளிநீரை உறிஞ்சும். ஆக்ஸிலின் மேலுள்ள காற்றுத்துளை சேற்றால் அடைபட்டிருந்தால் இந்த உறிஞ்சல் இன்னும் கூடும். அத்துளையைச் சுத்தம் செய்து, ஒரு ரப்பர் குழாய் மாட்டி, அதன் வாயை எஞ்சின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோவது சிக்கனமான தீர்வு. நீரில் இறங்கிய பின் அடித்திருகைச் சற்றே தளர்த்திப் பார்க்க வேண்டும். கியர் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் அதை அப்போதே மாற்றியாக வேண்டும். கியர்பாக்ஸுக்கும் ஆக்ஸிலுக்கும் ஒரே ஆயில் பொருந்தும் என்று கொள்ளக் கூடாது. ஆக்ஸிலுக்குரிய ஜி.எல்.-5 ஆயிலின் சில சேர்மானங்கள் கியர்பாக்ஸின் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். மேனுவலில் குறித்த தரமே சரியானது.

அடிச்சட்டம், பிரேக், வயரிங்

பட்டை ஸ்பிரிங்கின் ஷாக்கிள், ஸ்டியரிங் மூட்டுகள், புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் ஆகியவற்றின் நிப்பிள்களில் கிரீஸ் அடிப்பது, பழைய ஜீப்புக்குச் செய்யக்கூடிய மிக மலிவான, மிகப் பயனுள்ள உதவி. புதிய கிரீஸ் உள்ளே போகும்போது சேறு கலந்த பழைய கிரீஸும் நீரும் வெளியே தள்ளப்படுகின்றன. மழைக்காலத்தில் ஒவ்வொரு சேற்றுப் பயணத்துக்குப் பின்னும் இதைச் செய்யலாம். சேசிஸின் உட்பகுதியிலும் மட்கார்டின் மடிப்பிலும் ஒட்டிய களிமண் வாரக்கணக்கில் ஈரத்தைத் தேக்கி வைக்கும். எனவே மேற்புறம் மினுங்கக் கழுவுவதைவிட அடிப்புறம் கழுவுவதே அவசியம்.

பழைய வண்டிகளின் டிரம் பிரேக் நனைந்தால் பிடிக்காது. நீரைக் கடந்தவுடன் பிரேக்கை மெல்ல அழுத்தியபடி சிறிது தூரம் ஓட்டி உலர்த்த வேண்டும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. அதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டீசல் எஞ்சினில் பிரேக் பூஸ்டருக்கான வெற்றிடத்தைத் தனிப் பம்ப் உண்டாக்குகிறது; எஞ்சின் நின்றால் பெடல் இறுகும். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி ஓட்டும் பழக்கம் உயிருக்கே ஆபத்து.

வயரிங்குக்கு எலியும் ஈரமும் எதிரிகள். அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். நின்ற வண்டியின் எஞ்சின் அறையில் கூடு கட்டி வயரையும் டீசல் குழாயையும் கடிக்கும். வைக்கோல், தவிட்டு மூட்டை அருகே வண்டியை நிறுத்தாமல், வாரம் இருமுறை பானட்டைத் திறந்து பார்த்தாலே இதன் பெரும்பகுதி தடுக்கப்படும். சாலையில் பரப்பிய வைக்கோல் மீது ஓட்டிச் சென்றால், புரொப்பல்லர் ஷாஃப்டில் சுற்றிய வைக்கோலைச் சூடான சைலன்சருக்கு எட்டும் முன் அறுத்தெடுக்க வேண்டும். தீப்பிடிக்க அது போதும்.

சாகுபடிக் காலத்தோடு ஒரு பராமரிப்பு அட்டவணை

டெல்டா வீட்டில் கிலோமீட்டர் கணக்கைவிடப் பருவக் கணக்கே பொருத்தமானது. இவ்வண்டிகள் ஓடும் தூரம் குறைவு, நனையும் நாள்கள் அதிகம். சித்திரை, வைகாசியில், ஜூன் 12 என்ற மேட்டூர் திறப்பு மரபு நாளுக்கு முன்பாக, ரேடியேட்டர், ஹோஸ், ஃபேன் பெல்ட், ஏ.சி. உள்ள வண்டியானால் அதன் பெல்ட் ஆகியவற்றைச் சரிபார்க்கலாம். புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆயில் சீல், காற்றுத்துளை, வைப்பர், பிரேக், டயர், பேட்டரி முனை ஆகியவற்றைப் பார்த்து, அடிப்புறத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். தை மாதத்தில், மழை ஓய்ந்து சம்பா அறுவடை நடக்கும்போது, இரு ஆக்ஸில், டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் ஆயிலைச் சோதித்து, நீர் கலந்ததை மாற்ற வேண்டும். வீல் பேரிங்கைக் கழற்றிப் புது கிரீஸ் வைக்க வேண்டும். எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும், ஓடிய தூரம் எவ்வளவாயினும், ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற வேண்டும்.

இவற்றுக்கு வேண்டிய கருவிகள் சிலவே: ஸ்பேனர் செட், டார்க் ரென்ச், கிரீஸ் கன், தாங்குகட்டைகள், மல்டிமீட்டர், அந்த மாடலின் ஒர்க்‌ஷாப் மேனுவல். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. ஈரக் களிமண் தரையில் ஜாக்கி புதைந்து சாயும். காமன் ரெயில் எஞ்சினின் டீசல் குழாயை எஞ்சின் ஓடும்போது தளர்த்தக் கூடாது. அதிலுள்ள அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஆயிரத்தெட்டு வேலைகளை வீட்டில் செய்யலாம். பம்ப், கிரவுன் பினியன் செட்டிங், ஹெட் சமன்படுத்தல், சேசிஸ் வெல்டிங் ஆகியவற்றை அதற்கென உள்ள பட்டறைக்கே கொடுக்க வேண்டும்.

வாங்கும்போதும் சட்டத்தின் முன்னும்

பழைய வண்டி வாங்குவோர் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கிளப்பிப் பார்க்க வேண்டும். ஆயில் மூடியைத் திறந்தால் புகை குமுறி வருகிறதா, ஃபோர் வீலும் லோ கியரும் உண்மையில் விழுகின்றனவா, சேசிஸில் ஒட்டுப் போட்ட வெல்டிங் உண்டா என்பவை முதல் மூன்று கேள்விகள். நான்காவது, ஆர்.சி. புக்கிலுள்ள எஞ்சின் எண்ணும் எரிபொருள் வகையும் வண்டியோடு ஒத்துப்போகின்றனவா என்பது. பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சின் ஏற்றிப் பதிவில் சேர்க்காத வண்டி, விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் சிக்கலைக் கொண்டுவரும்.

சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனைக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். படிவம் 25-ஐப் பதிவு முடிவதற்கு முந்தைய 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கார் வகைக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆனது. இருபது வயதைத் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. இதோடு தமிழ்நாட்டின் பசுமை வரியும் உண்டு. பத்து வயதான டீசல் வண்டிகளுக்குத் தடை என்ற பேச்சு டெல்லி தலைநகர் வட்டாரத்து உத்தரவுகளிலிருந்து எழுந்தது. தமிழ்நாட்டில் அத்தகைய வயது வரம்பு இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் வகையில் பதிய 2021-இல் விதி வந்தது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட வேலைக்கு ஓட்ட முடியாது.

புகைச் சோதனையில் பி.எஸ்.-4-க்கு முந்திய டீசல் வண்டிக்கு ஹார்ட்ரிட்ஜ் அலகில் 65, பி.எஸ்.-4 வண்டிக்கு 50 என்பது வரம்பு. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். முன்பக்கக் கம்பித் தடுப்புகளுக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. தயாரிப்பாளரின் வடிவமைப்பை மாற்றும் கட்டமைப்பு மாறுதல்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரானவை என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய ஜீப்பைப் பெரிய டயரும் உயர்த்திய ஸ்பிரிங்குமாக மாற்ற நினைப்போர் இதை முதலில் கருத வேண்டும்.

யாருக்குத் தகும்

பழைய டீசல் எஞ்சின் புதியதைவிடக் கூடுதலாகப் புகைக்கிறது; அதில் இன்றைய ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் பெரும்பாலும் இல்லை. குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர்களுக்கும், நகருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கும் இது ஏற்ற வண்டி அல்ல. வயலுக்கும் வீட்டுக்கும் இடையே மண்பாதை உள்ளவர், ஆண்டில் சில நாள்களேனும் ஃபோர் வீல் உண்மையில் தேவைப்படுபவர், மாதம் ஒரு நாளை வண்டிக்கு ஒதுக்கக்கூடியவர் ஆகியோருக்கு நல்ல சேசிஸும் முறையான ஆவணமும் உள்ள பழைய ஜீப் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். டேங்கில் நீர் சேராமலும், ஆக்ஸிலில் நீர் புகாமலும், வண்டி மாதக்கணக்கில் நிற்காமலும் பார்த்துக்கொள்வதே அதற்கான நிபந்தனை. இந்த மூன்றையும் செய்ய இயலாதவர் வாங்காமல் இருப்பதே நல்லது. செய்ய இயன்றவர் வண்டியின் வயதைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை.